நான் 'நெஷ்' இல்லை

அக்டோபர் முதல் தேதி காலை, பொரித்த முட்டைக்கும் டீக்கும் நடுவில், நான் ஒரு சபதம் செய்தேன். முட்டையைத் தின்று முடித்துவிட்டுச் செய்திருக்கலாம். அவசரப்பட்டுவிட்டேன். நான் பேசி முடிப்பதற்குள் முட்டை ஐஸாகிவிட்டது. அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

எல்லாவற்றுக்கும் காரணம் முரியல். என் மனைவி. அன்று காலை அவள் கம்பளிச் சட்டையின் கையை விரல்நுனி வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு, சுவரில் இருக்கும் ஹீட்டர் ஸ்விட்சை ஒரு பார்வை பார்த்தாள். தொடவில்லை. பார்த்தாள், அவ்வளவுதான்.

"என்ன பார்வை அது?" என்றேன்.

"எது?"

"ஸ்விட்சைப் பார்த்தியே, அது."

"சுவத்துல இருக்கு, கண்ணுல படுது. கண்ணை மூடிக்கிட்டா டீ ஊத்தறது?"

"குளிருதா உனக்கு?"

"குளிராம? அக்டோபர் மாசம். கல்லு வீடு. நான் மனுஷிதானே, மைல்கல்லா?"

"முரியல், நீ ஒரு நெஷ்!"

இந்தச் சொல்லைக் கேட்டால் லண்டன்காரன் திருதிருவென்று முழிப்பான். எங்கள் டார்பிஷரில் கைக்குழந்தைக்கும் புரியும். குளிர் தாங்காதவன் நெஷ். தூறலுக்குக் குடை பிடிப்பவன் நெஷ். ஜூலை மாதம் கடலில் இறங்க யோசிப்பவன் நெஷ். எங்கள் பெல்பரில் ஒருவனைத் திருடன் என்று சொல்லிப் பாருங்கள், வக்கீலை வைத்துத் தீர்த்துக்கொள்வான். நெஷ் என்று சொன்னால் மூன்று தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை கிடையாது.

இன்னொன்றும் உண்டு. நவம்பர் முதல் தேதிக்கு முன்னால் எங்கள் ஊரில் எவனும் ஹீட்டர் போடமாட்டான். பல் தந்தியடித்தாலும் சரி, மூக்கு நீலம் பாரித்தாலும் சரி. எந்தச் சட்டப் புத்தகத்திலும் இது இல்லை. ஆனால் என் அப்பா போட்டதில்லை. அவரிடம் ஹீட்டரே கிடையாது என்பது வேறு விஷயம்.

"நெஷ்ஷா? நானா?" முரியல் டீ கெட்டிலைக் கீழே வைத்தாள். "சொல்லுவ வாத்தே, சொல்லுவ."

எங்கள் பக்கத்தில் பால்காரரிலிருந்து பாதிரியார் வரை எல்லாரும் எல்லாரையும் 'வாத்தே' என்றுதான் கூப்பிடுவார்கள். அன்பு மிஞ்சினாலும் வாத்து, ஆத்திரம் மிஞ்சினாலும் வாத்து. முரியல் எந்த வாத்தைச் சொல்கிறாள் என்று கண்டுபிடிக்க எனக்கு இருபது வருஷம் ஆனது. இது இரண்டாவது வாத்து.

"போன வருஷம் உறைபனியில குப்பைத்தொட்டியைத் தெருவுக்குத் தள்ளினது யாரு?" என்றாள். "நீயா நானா?"

"எனக்கு அன்னிக்கு முதுகுவலி."

"குப்பை எடுக்கற அன்னிக்கெல்லாம் உனக்கு முதுகுவலி."

அங்கேதான் எனக்கு ரோஷம் வந்தது. எழுந்து நின்றேன். முள்கரண்டியை உயர்த்தினேன். "நவம்பர் ஒண்ணாம் தேதி வரைக்கும் இந்த ஸ்விட்சை நான் தொடமாட்டேன்! தொட்டா என் பேர் வில்ஃப்ரெட் ஆல்சாப் இல்லை!"

"பந்தயமா?"

"பந்தயம்!"

"என்ன பந்தயம்?"

நான் யோசிக்கவே இல்லை. என் வாழ்க்கையின் பெரிய துயரம் வாயிலிருந்து தானாக வந்து விழுந்தது. "நீ முதல்ல தொட்டா, இந்த கிறிஸ்துமஸுக்கு ஹில்டா வீட்டுக்குப் போகக்கூடாது."

"நீ தொட்டா?"

"நாலு நாள் இல்ல, பத்து நாள் போவோம். நான் வாயைத் திறக்கமாட்டேன்."

ஹில்டா என்பவள் முரியலின் அக்கா. மேபிள்தார்ப்பில் கடலைப் பார்த்த வீடு. கடலும் ஓயாது, ஹில்டாவும் ஓயமாட்டாள். எல்லாரும் மூச்சை வெளியே விடும்போது பேசுவார்கள். அவள் உள்ளே இழுக்கும்போதும் பேசுவாள். அவள் புருஷன் நார்மன் நேர்மாறு. அவனுக்குத் தெரிந்தது ஒரே ஒரு பேச்சு. எந்தச் சாலையில் வந்தீர்கள், எங்கே திரும்பினீர்கள், அங்கே திரும்பாமல் ஏன் இங்கே திரும்பினீர்கள். நான் காரை நிறுத்துவதற்குள் ஆரம்பித்தால் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் மத்தியானம் வரை அந்தத் திருப்பத்திலேயே நிற்பான். கிறிஸ்துமஸ் அன்று எல்லாரும் காகிதக் குல்லாய் போட்டுக்கொள்ள வேண்டும். ஊமை நாடகம் நடித்துக்காட்ட வேண்டும். குழையக் குழைய வேகவைத்த குட்டி முட்டைக்கோஸை ருசியாக இருக்கிறது என்று பொய் சொல்ல வேண்டும். இருபத்தைந்து கிறிஸ்துமஸ் நான் அங்கே ஆயுள் தண்டனை அனுபவித்திருக்கிறேன். ஒரே ஒரு கிறிஸ்துமஸ், என் வீட்டில், என் நாற்காலியில், குல்லாய் இல்லாத தலையோடு உட்கார வேண்டும். மனிதனுக்கு இது ஒரு பேராசையா?

முரியல் கொஞ்சநேரம் யோசித்தாள். "நான் தோத்தா ஹில்டா வீட்டுக்கு நாம போகக்கூடாது. அவ்வளவுதானே?"

"அவ்வளவேதான்!"

"சரி," என்று கை கொடுத்தாள். கை ஜில்லென்று இருந்தது. நான் ஜெயித்துவிட்டேன் என்று அப்போதே முடிவு செய்தேன்.

எனக்கு இன்னொரு பலமும் இருந்தது. ஊர் வரலாற்றுக் கழகத்தில் அக்டோபர் கடைசியில் நான் பேச வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். தலைப்பு: 'நெஷ்: ஒரு சொல்லின் வரலாறு'. ஊராட்சியில் சாக்கடைப் பிரிவில் காலமெல்லாம் உழைத்து ஓய்வு பெற்றபிறகு நான் சொல்லாராய்ச்சியில் இறங்கியிருந்தேன். "ரெண்டும் தோண்டற வேலைதானே," என்பது முரியலின் கருத்து. அவளுக்கு ஆராய்ச்சியின் அருமை தெரியாது.

என் திட்டம் இதுதான். பேச்சுக்கு நடுவில் கோட்டைக் கழற்றி வீச வேண்டும். வெறும் சட்டையோடு நின்று, 'ஒரு மாதம் ஹீட்டர் போடாதவன் பேசுகிறேன்' என்று முழங்க வேண்டும். நம் முன்னோர்கள் நெஷ் என்ற சொல்லை எவ்வளவு கேவலமான வசையாக வைத்திருந்தார்கள் என்று நிரூபிக்க வேண்டும். கூட்டம் எழுந்து நின்று கைதட்டும்.

முதல் வாரம் நான் போர்தொடுத்தேன். காற்றோட்டம் என்ற பெயரில் மாடி ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டேன்.

"நல்லவேளை திறந்தே," என்றாள் முரியல். "நேத்து வறுத்த வெங்காய நெடி போகும்."

குளியலறைக் கதவைத் திறந்து வைத்தேன். பின்கதவைத் திறந்து வைத்தேன். ஒரு பூனை வந்தது. எங்களுக்குப் பூனையே கிடையாது. அது உள்ளே சுற்றிப் பார்த்துவிட்டு, வெளியே சூடாக இருக்கிறது என்று போய்விட்டது.

முரியல் மூன்று கம்பளிச் சட்டை போட்டாள். மடியில் வெந்நீர்ப் பை வைத்துக்கொண்டாள். போர்வையைச் சுற்றிக்கொண்டு டி.வி. பார்த்தாள். எனக்கு அந்த வசதி கிடையாது. நான்தான் வீரன் ஆயிற்றே! வீரன் போர்வை போர்த்தலாமா? சட்டையைக் கைமுட்டிவரை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். கையில் ரோமமெல்லாம் முள்ளம்பன்றி மாதிரி குத்திட்டு நின்றது.

"நடுங்கற மாதிரி இருக்கே?"

"நடுங்கல. பாட்டுக்குத் தாளம் போடறேன்."

"டி.வி.யில செய்தி ஓடுது, வில்ஃப்."

சரி, ஆராய்ச்சியாவது கைகொடுக்கும் என்று நூலகத்துக்குப் போனேன். தலையணை தலையணையாக அகராதிகள். அதில் நெஷ்ஷைத் தேடிப் பிடித்தேன். பிடித்தபிறகு எனக்கு வந்த எரிச்சல் இருக்கிறதே, சொல்லி மாளாது.

"என்ன கிடைச்சுது?" என்றாள் முரியல் அன்று மாலை.

"ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னாடியே இருக்கற சொல்லு. அப்போ 'ஹ்னெஷ்ஷெ'னு சொல்லியிருக்காங்க."

"அடேயப்பா! அப்போ என்ன அர்த்தம்?"

நான் தொண்டையைச் செருமினேன். "மெத்துன்னு இருக்கறது."

"மெத்துன்னா? ரொட்டி மாதிரியா?"

"ஆமா."

"குழந்தை கன்னம் மாதிரியா?"

"...ஆமா."

"அப்போ நீ என்னை அன்னிக்குக் கொஞ்சினியா? நான் திட்டறியோன்னு நினைச்சுட்டேன்."

அடுத்த தடவை போனேன். இன்னும் தோண்டினேன். கடினமான பொருள் கிடைக்காமலா போகும்? காத்திக் என்று ஒரு செத்துப்போன பழைய மொழி. அதில் இந்தச் சொல்லுக்கு ஒரு அண்ணன் இருந்தான். அவனையாவது நம்பினேன். அவன் மெல்லிய துணிமணிக்குச் சொல்லப்படுகிறவன்! பட்டுச் சட்டைக்குப் பெயர் வைக்க வேறு ஆள் கிடைக்கவில்லையா இவர்களுக்கு?

அதற்கும் அடுத்த தடவை, எழுநூறு வருஷத்துக்கு முன்னால் வந்தேன். அங்கே நெஷ் என்றால் இளகிய மனசு. இரக்கம். ஈரநெஞ்சு. 'நெஷ்ஷிலும் கடுமையிலும்' என்றால் நல்லது கெட்டது எல்லாவற்றிலும் என்று பொருள். கல்யாணத்தில் சொல்லலாம் போல இருந்தது. எனக்கு அழுகை வந்தது. சொல்லுக்காக அல்ல. நூலகத்திலும் ஹீட்டர் போடவில்லை.

"பாவம் வில்ஃப்," என்றாள் முரியல். உருளைக்கிழங்கைத் தோலுரித்துக்கொண்டே சிரித்தாள். "நீ திட்டுறதுக்கு ஒரு சொல்லைத் தேடிப் போற. அது தடவிக் கொடுக்குது."

"கிராமத்துப் பேச்சுல வேற அர்த்தம் இருக்கு!"

"என்னது?"

"இளங்கீரை, பழுத்த பழம், தளதளன்னு இருக்கற செடி..."

"சமைக்கலாம் போல இருக்கே."

"நிறுத்து! கடைசி நிமிஷத்துல பயந்து பின்வாங்கறதுக்கும் நெஷ்னுதான் சொல்லுவாங்க. இது திட்டுதான். சந்தேகமே இல்லை!"

"அப்பாடா," என்றாள். "ஆயிரம் வருஷம் தோண்டி ஒரு திட்டு கிடைச்சுது. பத்திரமா வெச்சுக்கோ."

இப்படி ஒரு மனைவியை வைத்துக்கொண்டு ஒருவன் எப்படி அறிஞனாவது?

குளிர் ஏறிக்கொண்டே போனது. பேனா பிடித்தால் விரல் மடங்கவில்லை. பேச்சை எழுத வேண்டும். வீட்டில் ஒரே ஒரு இடம்தான் சூடு. மாடிப்படிக்குப் பக்கத்தில், வெந்நீர்த் தொட்டி இருக்கும் அலமாரி. துவைத்த துணியை அதில்தான் அடுக்கி ஈரம் போக்குவோம். தொட்டி கரண்டில் கொதிக்கிறது. ஹீட்டருக்குச் சூடு தரும் பாய்லருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பந்தயத்தில் அது சேராது. நான் நன்றாக யோசித்துத்தான் செய்தேன்.

முரியல் கடைக்குப் போனபின் காகிதங்களோடு உள்ளே நுழைந்தேன். முழங்காலை மடக்கி, தலைக்கு மேல் துண்டுகள், இடது தோளில் தலையணை உறைகள், வலது கன்னத்தை ஒட்டித் தொட்டி. ஆஹா! சொர்க்கம்! கதவை இழுத்துச் சாத்திக்கொண்டேன். முதல் பத்தி எழுதினேன். இரண்டாவது பத்தியில் தூங்கிவிட்டேன்.

கதவு திறந்தது.

"என்ன பண்ற?" முரியல். கையில் முட்டைக்கோஸ்.

"தேடறேன்."

"என்னத்தை?"

"தலையணை உறை."

"உக்காந்துக்கிட்டா?"

"நிதானமா தேடறேன்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். என் தலைமேல் இருந்த துண்டைச் சரிசெய்தாள். "இருட்டா இருந்தா சொல்லு வாத்தே, மெழுகுவத்தி தர்றேன்," என்று சொல்லிவிட்டுக் கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனாள்.

மானம் போனது போனதுதான். ஆனால் அதில் எனக்கு ஒரு சந்தேகம் பிறந்தது. அவள் ஏன் கத்தவில்லை? ஏன் அவ்வளவு நிம்மதியாக இருக்கிறாள்? இவள் எங்கேயோ போய்க் குளிர்காய்கிறாள்! எங்கே? நினைத்தவுடன் விடை வந்தது. பேசில் வீடு!

பேசில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். கென்ட் பக்கத்திலிருந்து வந்து குடியேறியவர். பல் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தெற்கத்திக்காரர்களுக்கு வெட்கம் கிடையாது. செப்டம்பரிலேயே ஹீட்டர் போடுகிறார். வீட்டுக்குள் அரைக்கை சட்டையோடு திரிகிறார். ஊரே அவரை நெஷ் என்கிறது. அவர் அதை ஏதோ பட்டம் என்று நினைத்து நன்றி சொல்கிறார்.

மறுநாள் மத்தியானம் சாப்பிட்டவுடன் போய் அவர் கதவைத் தட்டினேன்.

"முரியல் இங்க வந்தாளா?"

"இல்லையே," என்றார் பேசில். "உள்ள வாங்க வில்ஃப், கதவைச் சாத்துங்க. சூடு வெளிய போகுது பாருங்க."

துப்பறிகிறவன் வாசலோடு திரும்பலாமா? உள்ளே போனேன். ஜன்னலுக்குக் கீழே, உள்ளே வெந்நீர் ஓடும் நீளமான ரேடியேட்டர். முதுகை அதில் சாய்த்தேன். என் முதுகெலும்பு ஒவ்வொரு கணுவாக உயிர் பெற்றது.

"காத்திருக்கேன்," என்றேன். "வந்தாலும் வருவா."

வரவில்லை. டீ வந்தது. பிஸ்கட் வந்தது. டோமினோ ஆடினோம். பேசில் தனியாள், பேச ஆள் கிடைத்தால் விடமாட்டார். நாலு மணிக்கு எழுந்தேன். அடுத்த நாளும் போனேன், ஏணி கடன் கேட்க. அதற்கடுத்த நாள் ஏணியைத் திருப்பிக் கொடுக்க. அப்புறம், தெற்கத்திக்காரருக்கு நெஷ் என்ற சொல்லைப் பற்றி என்ன அபிப்பிராயம் என்று ஆய்வு செய்ய. அவருக்கு அபிப்பிராயமே இல்லை. அதனால் ஆய்வு தினமும் நீண்டது.

இது நெஷ் ஆகாதா என்று கேட்பீர்கள். ஆகாது. நான் என் வீட்டு ஸ்விட்சைத் தொடவில்லை. பக்கத்து வீட்டு ரேடியேட்டர்மேல் சாய்ந்தேன். பந்தயத்தில் அதற்குத் தடை இல்லை. நானும் கொஞ்சம் படித்தவன்தானே?

அப்போதுதான் அந்த அதிசயம் நடந்தது. ஒருநாள் நாலு மணிக்கு பேசில் வீட்டிலிருந்து வந்து எங்கள் கதவைத் திறந்தேன். குளிரவில்லை! கூடத்தில் நின்றேன். குளிரவில்லை. கோட்டைக் கழற்றினேன். அப்போதும் குளிரவில்லை. வெதுவெதுவென்று இருந்தது.

"முரியல்!" என்று கத்தினேன். "எனக்குக் குளிரல!"

அவள் சமையலறையிலிருந்து வந்தாள். கம்பளிச் சட்டை மூன்றும் இல்லை. மெல்லிய சட்டை ஒன்று போட்டிருந்தாள். கன்னம் ரோஜா நிறத்தில் இருந்தது.

"அப்படியா?"

"உடம்பு பழகிடுச்சு! இதுதான் ரகசியம். கொஞ்ச நாள் பல்லைக் கடிச்சுக்கிட்டா உடம்பே சூட்டை உற்பத்தி பண்ணுது. நம்ம தாத்தன் பாட்டன்லாம் இப்படித்தான் இருந்திருக்காங்க!"

"அதான் உன் முகம் சிவந்திருக்கு."

"உனக்கும் குளிரலையா?"

"உன்னைப் பாத்துத்தான் வாத்தே, நானும் பழகிட்டேன்."

இது முதல் வகை வாத்து. சத்தியமாக முதல் வகை. எனக்குக் கண் கலங்கியது. இத்தனை வருஷத்தில் முதல்முறையாக முரியல் என்னைப் பார்த்து ஒன்று கற்றுக்கொண்டிருக்கிறாள். ராத்திரிக்குள் மறுபடி குளிர்ந்தது, உண்மைதான். களைப்பினால் இருக்கும் என்று விட்டுவிட்டேன். பேச்சின் முடிவுரையைக் கிழித்துப்போட்டுவிட்டுப் புதிதாக எழுதினேன்.

பேச்சு நாள் வந்தது. சர்ச்சுக்குப் பின்னால் இருக்கும் கூடம். அங்கேயும் நவம்பர் வரை ஹீட்டர் கிடையாது. கோட்டும் மஃப்ளருமாக ஊரே உட்கார்ந்திருந்தது. டீ கொதிக்கும் பெரிய பாத்திரத்தைச் சுற்றிப் பின்வரிசையில் ஒரு நெரிசல். முன்வரிசையில் முரியல், பின்னல் ஊசியோடு. அவள் பக்கத்தில் பேசில், இரண்டு கோட்டோடு. மேடையில் தலைவி மிஸஸ் ஸ்பென்ட்லவ். எங்கள் வீட்டுக்கு நேர் எதிர்வீடு. ஊரில் எது நடந்தாலும் அவர் ஜன்னலைத் தாண்டித்தான் நடக்க வேண்டும்.

நான் ஆரம்பித்தேன். பழைய ஆங்கிலம், மெத்தென்ற ரொட்டி, காத்திக் அண்ணன், மெல்லிய துணி, இரக்கம், இளங்கீரை. கூட்டம் தலையாட்டிக் கேட்டது. ஒரு கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். குளிரோ உணர்ச்சியோ தெரியவில்லை. ஆயிரம் வருஷத்தில் மென்மை எப்படிப் பலவீனமாக மாறியது, ஒரு நல்ல சொல் எப்படித் திட்டு வார்த்தையாகக் கெட்டது என்று விளக்கினேன். பிறகு கோட்டைக் கழற்றி நாற்காலிமேல் வீசினேன். சட்டையோடு நின்றேன்.

"நண்பர்களே! இந்த அக்டோபர் முழுக்க எங்கள் வீட்டில் ஹீட்டர் போடவில்லை!"

கைதட்டல்.

"முதல் வாரம் குளிர்ந்தது. மறைக்கமாட்டேன். ஆனால் உடம்பு பழகிவிட்டது. இப்போது சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தால் வெதுவெதுப்பாக இருக்கிறது! என் மனைவியே சாட்சி. நெஷ் என்பது உடம்பில் இல்லை. மனத்தில் இருக்கிறது!"

பெரிய கைதட்டலுக்காகக் காத்திருந்தேன். முரியல் ஊசியை நிறுத்தவில்லை. கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. மிஸஸ் ஸ்பென்ட்லவ் மெதுவாகக் கையை உயர்த்தினார்.

"ஒரு சின்ன சந்தேகம் மிஸ்டர் ஆல்சாப்."

"கேளுங்க."

"உங்க வீட்டுப் பக்கச் சுவத்துல பாய்லர் குழாய் இருக்கே, அதுல ரெண்டு வாரமா தினம் மத்தியானம் வெள்ளையா ஆவி வருதே, அது எப்படி?"

கூடமே நாற்காலி நுனிக்கு வந்தது. உங்களுக்குப் புரியாமல் இருக்கலாம். அக்டோபர் மாதத்தில் பெல்பர் மக்கள் வானத்தைப் பார்த்து நடக்கமாட்டார்கள். அடுத்தவன் பாய்லர் குழாயைப் பார்த்துத்தான் நடப்பார்கள். எவன் குழாயில் முதலில் ஆவி வருகிறதோ அவன் கதை அந்த வருஷம் முழுக்க ஓடும்.

"ஆவியா?" என்றேன். "எங்க வீட்டுலயா?"

"சாப்பாட்டு வேளை முடிஞ்சதும் ஆரம்பிக்குது. நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னாடி நிக்குது. நான் குறை சொல்லல. கண்ணுல பட்டுச்சு, கேட்டேன்."

"பொய்!" என்று ஒரு குரல் எழுந்தது. எனக்காக ஒருவர் எழுந்து நின்றிருந்தார். பேசில்! நல்ல மனிதர். நெஞ்சில் ஈரம் உள்ளவர். "மிஸ்டர் ஆல்சாப்மேல அபாண்டமா பேசாதீங்க. அந்த நேரத்துல அவர் எப்படி வீட்டுல ஹீட்டர் போடுவார்? தினமும் அந்த நேரம் அவர் எங்க வீட்டு ரேடியேட்டர்மேலதானே சாஞ்சுக்கிட்டிருப்பார்!"

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். எனக்கு நுணல் வாய் போதவில்லை, பக்கத்து வீட்டு வாயும் வேண்டியிருந்தது. டீப் பாத்திரத்துப் பக்கமிருந்து யாரோ "நெஷ்!" என்றார்கள். அவ்வளவுதான், கூடமே குலுங்கியது. அந்தக் கண்ணைத் துடைத்த கிழவர் இப்போது வேறு காரணத்துக்காகத் துடைத்தார். நான் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டேன். ஒரு கை உள்ளே போகவே இல்லை. முரியல் எழுந்து வந்து மாட்டிவிட்டாள்.

வீட்டுக்கு நடந்தோம். மலைச்சரிவில் காற்று ஊசி மாதிரி இறங்கியது. நான் தலையைக் குனிந்து நடந்தேன். இனிமேல் இந்த ஊரில் முகத்தைக் காட்ட முடியாது. ரொட்டிக்கடைக்குப் போனால் மெத்தென்ற ரொட்டி வேண்டுமா என்பார்கள். வேறு ஊருக்குக் குடிபோகலாமா? வேறு மாவட்டத்துக்கே போகலாமா?

எதிர்வீட்டு விளக்குக் கம்பத்துக்குக் கீழே வந்தபோது நான் நின்றுவிட்டேன். மூளை இப்போதுதான் வேலை செய்தது.

"முரியல்!"

"ம்?"

"ஆவி வந்துச்சு!"

"ஆமா, சொன்னாங்களே."

"நான் பேசில் வீட்டுல இருந்தேன்!"

"அதையும் சொன்னாங்களே, ஊர் முழுக்க."

"அப்போ ஸ்விட்சைத் தொட்டது நீ!"

"நான்தான்."

"மத்தியானம் மத்தியானம் போட்டிருக்கே!"

"நீ பேசில் வீட்டுக்கு ஆய்வு பண்ணப் போன முதல் நாள்லேருந்து. அந்தப் பக்கம் நீ படியிறங்குவ, இந்தப் பக்கம் நான் போடுவேன்."

"நான் வெதுவெதுன்னு இருக்குன்னு சொன்னப்ப, உடம்பு பழகிடுச்சுன்னு சொன்னப்ப, ஏண்டி சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ பேசில் வீட்டுக்குப் போறதை நிறுத்தியிருப்ப. ரெண்டு மணி நேரம் வீடு எவ்வளவு அமைதியா இருந்துச்சு தெரியுமா?"

நான் கோபப்பட்டிருக்க வேண்டும். கோபம் வரவில்லை. நெஞ்சுக்குள் ஒரு பட்டாசு வெடித்தது. ஊர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்! நான் நடுத்தெருவில் குதித்தேன். எங்களுக்கு முன்பே வீடு சேர்ந்துவிட்ட மிஸஸ் ஸ்பென்ட்லவின் ஜன்னலில் திரை அசைந்தது. அசையட்டும்!

"நீ தோத்துட்டே!"

"தோத்துட்டேன்."

"முதல்ல தொட்டது நீ! நான் தொடவே இல்ல! ஒத்துக்கறியா?"

"ஒத்துக்கறேன் வில்ஃப். நீ ஜெயிச்சுட்டே."

முப்பத்தி நாலு வருஷத்தில் இந்த வாக்கியத்தை அவள் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். சொன்னாள்.

"கிறிஸ்துமஸுக்கு ஹில்டா வீட்டுக்குப் போகமாட்டோம்!"

"போகமாட்டோம். பேச்சுன்னா பேச்சுதான்."

"குல்லாய் கிடையாது! ஊமை நாடகம் கிடையாது! நார்மனோட திருப்பம் கிடையாது! என் வீடு, என் நாற்காலி!"

"அதெல்லாம் அன்னிக்கே ஹில்டாவுக்குப் போன் பண்ணி சொல்லிட்டேன்," என்றாள். கைப்பையில் சாவியைத் தேடினாள். "முதல் நாள் ஸ்விட்சைப் போட்டேன் பாரு, அப்பவே. நான் பந்தயத்துல தோத்துட்டேன், இந்த வருஷம் நாங்க அங்க வரமுடியாதுன்னு."

பாவம் ஹில்டா. எனக்கே கொஞ்சம் மனசு இளகியது. ஜெயித்தவனுக்குப் பெருந்தன்மை வேண்டாமா?

"ரொம்ப வருத்தப்பட்டாளா?"

"வருத்தமா? துள்ளிக் குதிச்சா. அவ வீட்டுல கடல் காத்து எலும்பைத் துளைக்குதாம். நார்மனுக்கு முட்டி மடங்கவே மாட்டேங்குதாம். மத்தியானமே ஹீட்டர் போடற வீடு ஒண்ணு இருக்குன்னு தெரியாமப் போச்சேன்னா." முரியல் கதவைத் திறந்தாள். உள்ளேயிருந்து இதமான சூடு வந்து முகத்தில் பட்டது. "டிசம்பர் இருபதாந்தேதி இங்க வர்றாங்க. ஈஸ்டர் வரைக்கும் இருப்பாங்க."